அடங்காத அலையும் மூன்று மவுஸும்

ஜூன் 3, செவ்வாய்

கட்டுரையின் கடைசிப் படியைக் கமா திருப்பி அனுப்பிவிட்டார். என்னோடு பத்து வருடமாக ஒரே அறையில் குப்பை கொட்டும் மனிதர். சூரியனே அணைந்துபோனாலும் அந்தச் செய்தியில் கமா சரியான இடத்தில் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார். பெயர் அப்படி வந்ததுதான். இந்த முறை முப்பத்தேழு சேர்த்திருக்கிறார்.

ஓரத்தில் ஒரு குறிப்பு: ‘மூன்றாவது பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டு, காலமாகிவிட்டார் என்று அடியில் எழுத வேண்டும். நீங்களே போட்டுவிடுங்கள்.’

மூன்றாவது பெயர் அண்ணியுடையது.

அதை அப்படியே விட்டுவிட்டு, எங்கள் சூரிய ஆய்வு மையத்தின் செய்தித்தொடர்பு அலுவலகம் கேட்ட சிறு விளக்கத்தை எழுத உட்கார்ந்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் புரிய வேண்டுமாம். எழுதியது இது:

‘சூரியனைச் சுற்றி கொரோனா என்று மெல்லிய, கடும் சூடான ஒரு படலம் இருக்கிறது. அதில் காந்தப்புலம் வளையம் வளையமாக எழும்பி நிற்கும். பக்கத்தில் ஒரு வெடிப்பு நடந்தால், சுண்டிவிட்ட கம்பி போல வளையம் பக்கவாட்டில் ஆடும். ஓர் ஆட்டத்துக்கு ஏறக்குறைய ஐந்து நிமிடம். நாலைந்து ஆட்டத்தில் அடங்கிவிடும். நாங்கள் பார்த்த ஒன்பது வளையங்கள் அடங்கவில்லை. அடங்கப்போகிற நேரத்தில் ஏதோ ஒன்று அவற்றை மறுபடி மறுபடி தள்ளிவிடுகிறது. கொரோனா ஏன் அவ்வளவு சூடாக இருக்கிறது என்பதற்கு இதில் ஒரு விடை இருக்கலாம்.’

எது தள்ளுகிறது என்று கேட்பார்கள். இன்னும் தெரியவில்லை என்று சொல்ல வேண்டியதுதான்.

ஜூன் 4, புதன்

நட்சத்திரக் குறி போடவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

அண்ணன் வீட்டுக்குப் போனேன். வாசலில் அண்ணியின் செருப்பு அதே இடத்தில். யாரும் எடுக்கவில்லை, யாரும் தாண்டிப் போகவும் இல்லை. சுற்றிக்கொண்டு போகிறார்கள். நானும் சுற்றித்தான் போனேன்.

அண்ணன் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். சத்தம் இல்லை. “சாப்டியா” என்றான். “சாப்டேன்” என்றேன். அதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு ஓடவில்லை. மூன்று மாதமாக இதே கதைதான்.

வாலு பின்னாலேயே சமையலறைக்கு வந்தாள். அண்ணன் மகள். பதினாறு வயது. வாலு என்று கூப்பிட்டால் இப்போதெல்லாம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வாலைச் சுருட்டிக்கொண்டு எங்கேயோ உட்கார்ந்துவிட்டது பிள்ளை. தண்ணீரைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் கேட்டாள்.

“அத்தை, அம்மா வேணும்னே நின்னாங்களா?”

நான் குழாயை மூடப் போனேன். அவள் விடவில்லை.

“கெமிஸ்ட்ரில நாப்பத்தொண்ணு வாங்கினேன். அதுக்கு முந்தின நாள்தான் காட்டினேன்.”

சே! என்ன பேசுது இந்தப் பிள்ளை? “லூசு மாதிரி பேசாத” என்று அதட்டினேன். எனக்குத் தெரிந்த ஆறுதல் அதட்டல் ஒன்றுதான்.

மார்ச் இருபது, பகல் ஒன்றேகால். எங்கள் அலுவலக வாசல். சாலையைக் கடக்கப் போன அண்ணி நடுவில் நின்றுவிட்டாள். லாரி டிரைவர் ஸ்டேஷனில் சொன்னதை நானே என் காதால் கேட்டேன்: “ஹாரன் அடிச்சுக்கிட்டே வந்தேன்மா. என்னையே பாத்துக்கிட்டு நின்னாங்க. நகரவே இல்ல.”

விபத்து என்று எழுதி முடித்துவிட்டார்கள். ஆனால் என்னையே பாத்துக்கிட்டு நின்னாங்க என்பதை யார் மனதிலிருந்து அழிப்பது? சொந்தக்காரர்கள் அதற்குக் கண், காது, மூக்கு எல்லாம் வைத்துவிட்டார்கள். வாலு தன் மார்க்கால் என்று நினைக்கிறாள். அண்ணன் வாயே திறக்கவில்லை, ஆனால் அவனும் ஏதோ ஒன்றை நினைத்துத்தான் புழுங்குகிறான்.

நான் நினைப்பதை இங்கேயாவது எழுதுகிறேன். பத்தொன்பதாம் தேதி சாயங்காலம் நான் அவளைத் திட்டினேன்.

ஜூன் 12, வியாழன்

ஆய்விதழ்க்காரர்கள் மூலத் தரவு முழுவதையும் கேட்கிறார்கள். அதாவது அண்ணியின் கை பதிந்த கோப்புகள்.

மங்கலான வளையங்களைக் கம்ப்யூட்டரால் ஒழுங்காகப் பின்தொடர முடியாது. கண் வேண்டும். விண்கலம் பன்னிரண்டு விநாடிக்கு ஒன்றாக எடுத்த படங்களைத் திரையில் ஓட்டுவோம், படத்துக்கு இரண்டு விநாடி. வளையத்தின் விளிம்பில் மவுஸை வைத்து, அது ஆட ஆடக் கூடவே போக வேண்டும். அரை மணி நேரம் ஓடினால் சூரியனில் மூன்று மணி நேரம். பொறுமை உள்ளவர்கள் செய்யும் வேலை. எனக்குப் பொறுமை கிடையாது என்பதால்தான், வீட்டில் சும்மா இருந்த அண்ணியை ஒப்பந்த வேலைக்கு இழுத்துவந்தேன். “உங்க சூரியனுக்கு என்னைக் காவல் வெக்கிறீங்களா டாக்டரம்மா?” என்று சிரித்தாள். இரண்டு வருடம் அவளைப் போல யாரும் செய்ததில்லை.

கோப்பைச் சரிபார்க்க, படத்தின் மேல் அவள் மவுஸ் போன வழியை ஓட்டிப் பார்த்தேன். ஒரு சின்னப் பச்சைச் சிலுவை. வளையத்தின் மேல் ஊர்ந்தது. கொஞ்சம் விலகிப்போய், அடடா என்பது போலத் திரும்பி வந்தது. அது அவள் கைதான். வெங்காயம் நறுக்கும்போதும் அந்தக் கை அப்படித்தான் விலகித் திரும்பும்.

பட்டப்பகல். பக்கத்து மேஜையில் கமா பிஸ்கட் தின்றுகொண்டிருக்கிறார். நான் செத்துப்போனவள் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பதினோராவது நிமிடத்தில் சிலுவை நின்றது. வளையம் நகர்ந்து போய்க்கொண்டே இருக்கிறது, சிலுவை நின்ற இடத்திலேயே. ஒன்பது படம். பிறகு ஒரே தாவலில் வளையத்தைப் பிடித்துக்கொண்டது.

மவுஸ் சிக்கியிருக்கும்.

ஜூன் 13, வெள்ளி

மவுஸ் சிக்கவில்லை.

சிக்கினால் இடம் மட்டும் மாறாமல் இருக்கும். ஆனால் எந்தக் கையும் கல் இல்லை. மவுஸை அசையாமல் பிடித்திருந்தாலும் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி நடுங்கும். அந்த ஒன்பது படத்திலும் நடுக்கம் இருக்கிறது. அதாவது மவுஸ் வேலை செய்கிறது. கை அதன் மேல் இருக்கிறது. கண் திறந்திருக்கிறது, ஏனென்றால் நான் பின்னாலிருந்து பார்த்தபோதெல்லாம் அவள் கண் திறந்துதான் இருந்தது. ஆனால் பின்தொடரவில்லை.

அப்போ அவ எங்க போனா?

ஜூன் 16, திங்கள்

கீழ் டிராயரைத் திறந்தேன். மூன்று மவுஸ். கறுப்பு, கறுப்பு, சாம்பல். வாலைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு அண்ணியே வைத்தது.

டிசம்பரில் முதல் தடவை சொன்னாள். “மவுஸ் நடுவுல நின்னுடுது டாக்டரம்மா. படமும் தாவுது.” மாற்றிக் கொடுத்தேன். ஜனவரியில் மறுபடி. மாற்றினேன். பிப்ரவரியில் மறுபடி, அதையும் மாற்றினேன். மார்ச் பத்தொன்பதாம் தேதி நான்காவது தடவையாக வேறு மவுஸ் கேட்டாள். எனக்குக் காலையிலிருந்து தலைவலி. சொன்ன வார்த்தை அப்படியே நினைவிருக்கிறது.

“மவுஸ்ல ஒண்ணும் இல்ல அண்ணி. கோளாறு உங்ககிட்டதான்.”

அவள் முகம் சின்னதாகப் போனது. மறுநாள் மதியம் போய்விட்டாள்.

மூன்றையும் செருகிப் பார்த்தேன். மூன்றும் வெண்ணெய் மாதிரி ஓடுகின்றன.

ஜூன் 17, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. ஆனால் எழுதிவிட வேண்டும்.

எங்கள் கம்ப்யூட்டர் நிரல் முதலில் மேடு பள்ளங்களை மழித்துத் தரவை வழவழப்பாக்கும். பிறகு ஐந்து நிமிட ஆட்டத்தை மட்டும் வடிகட்டி எடுக்கும். அதில் வேண்டுமென்றே ஒரு பொய்த் தரவைக் கொடுத்தேன். அலையே இல்லை. மெல்ல நகரும் ஒரு கோடு, நடுவில் ஒரு நிற்றல், ஒரு தாவல். அவ்வளவுதான்.

வடிகட்டிக்குள் போன தாவல் அலையாக வெளியே வந்தது. ஐந்து நிமிடம், ஐந்து நிமிடம், ஐந்து நிமிடம். தட்டிய பாத்திரம் தன் சத்தத்திலேயே அதிர்வது மாதிரி.

ஒன்பது வளையத்திலும் ‘ஏதோ ஒன்று தள்ளுகிறது’ என்று எழுதியிருக்கிறோமே, அந்த இருபத்துமூன்று இடங்களையும் அண்ணியின் தாவல்களோடு வைத்துப் பார்த்தேன். இருபத்துமூன்றும் பொருந்துகின்றன. சூரியனில் யாரும் எதையும் தள்ளவில்லை. அவள் எங்கோ போய்விட்டுத் திரும்பி வந்த இடங்கள் அவை. அதைத்தான் கண்டுபிடிப்பு என்று எழுதி வைத்திருக்கிறோம்.

வழவழப்பாக்கும் வரியை எழுதியது நான். மூலக் கோப்பை ஒரே ஒரு தடவை திறந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். திறக்கவில்லை. பொறுமை இல்லை.

ஜூன் 18, புதன்

இல்லை, நில். வேண்டியதைத்தானே நீ எப்போதும் பார்க்கிறாய்? அலை வேண்டியிருந்தது, அலை தெரிந்தது. இப்போது உன் மேல் பழி வரக்கூடாது, அதனால் அண்ணியின் நிற்றலில் ஒரு வியாதி தெரிகிறதா?

கமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அறுபது கோப்புகளைப் பெயர் நீக்கிக் கலந்து கொடுத்தேன். அண்ணியுடையது பாதி, மற்றவர்களுடையது பாதி. “நிக்கிற எடத்தை மட்டும் குறிங்க” என்றேன்.

ஜூன் 20, வெள்ளி

கமா திருப்பிக் கொடுத்தார். மற்றவர்கள் கோப்பில் ஒன்றுகூட இல்லை. அண்ணியின் முதல் வருடத்திலும் இல்லை. நவம்பரில் ஒன்று. டிசம்பரில் இரண்டு. ஜனவரி, பிப்ரவரியில் பதினாறு. மார்ச் பத்தொன்பதாம் தேதி அரை மணி நேரத்தில் நான்கு. நீளமானது பத்தொன்பது விநாடி.

“எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல” என்றார். ஒரு டீ வாங்கி வந்து என் மேஜையில் வைத்தார். பத்து வருடத்தில் முதல் தடவை.

ஜூன் 23, திங்கள்

மதியம் அலுவலக வாசலில் போய் நின்றேன். லாரி வந்த பக்கம் ஒரு திருப்பம் இருக்கிறது. அதில் வண்டி கண்ணில் பட்டதிலிருந்து, அவள் நின்ற இடத்துக்கு வரும்வரை போனில் நேரம் பார்த்தேன். ஏழெட்டு லாரி. பத்து விநாடி, பன்னிரண்டு, பதினொன்று.

காவலாளி வந்து “பஸ்ஸுக்கா மேடம்?” என்றார். ஆமாம் என்றேன். பஸ் வந்தது. அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். வேறு வழியில்லாமல் ஏறி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்தேன். அண்ணி இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு வாரம் என்னை ஓட்டியிருப்பாள்.

பதினொரு விநாடி. பத்தொன்பதுக்குள் அது அடங்கும்.

ஜூன் 24, செவ்வாய்

நரம்பு டாக்டர். வரைபடங்களைக் காட்டினேன். நோயாளி எங்கே என்று கேட்டார். சொன்னேன்.

நிறையக் கேள்வி கேட்டார். பேச்சு பாதியில் நின்றதுண்டா? உண்டு, கவனம் சிதறுவதாக நினைத்தோம். கையில் உள்ளதைத் தவறவிட்டாரா? டம்ளர் நிரம்பி வழிய வழியக் காப்பி ஊற்றியிருக்கிறாள், கிண்டல் பண்ணியிருக்கிறேன். அது அவருக்கே தெரிந்திருந்ததா? இல்லை. மவுஸ் நிற்கிறது, படம் தாவுகிறது என்றுதான் சொன்னாள்.

அதைக் கேட்டதும் டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். “அவங்களுக்கு அப்படித்தாம்மா இருந்திருக்கும். நடுவுல கொஞ்ச நேரம் வெட்டி எடுத்தாப்பல. வலிப்புல இது ஒரு வகை. கை கால் வெட்டாது. கண்ணு தொறந்தே இருக்கும். பாக்கிறவங்களுக்கு முறைச்சுப் பாக்கிற மாதிரி தெரியும்.”

“அப்ப ரோட்டுல...?”

“செத்துப்போனவங்களுக்கு நான் சர்ட்டிஃபிகேட் எழுத முடியாது. ஆனா இந்தப் படத்தை மார்ச்சுல கொண்டுவந்திருந்தா, அவங்களைத் தனியா ரோட்டைத் தாண்ட விட்டிருக்க மாட்டேன்.”

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். அவள் வேண்டுமென்று நிற்கவில்லை என்ற நிம்மதிக்கு அழுதேனா, மார்ச்சில் கொண்டுபோகாததற்கு அழுதேனா, தெரியவில்லை. இரண்டுக்கும்தான்.

ஜூன் 25, புதன்

கோளாறு உங்ககிட்டதான்னு சொன்னேனே அண்ணி. சரியாத்தானே சொன்னேன். அப்பவே கூட்டிட்டு ஓடியிருக்கக் கூடாதா நான்?

ஜூன் 27, வெள்ளி

கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுதி அனுப்பினோம். இரண்டு வருட உழைப்பு. இயக்குநர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “மத்த ஏழு பக்கத்தையாவது காப்பாத்த முடியாதா?” என்றார். கமா முந்திக்கொண்டு முடியாது என்றார்.

ஜூலை 6, ஞாயிறு

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். பஸ்ஸில் ஒத்திகை பார்த்த எதுவும் வாயில் வரவில்லை. “அண்ணா, டிவியை அமத்து” என்றேன். சத்தமில்லாத டிவியை அணைத்தான்.

அலை, வடிகட்டி எதையும் சொல்லவில்லை. மார்ச் பத்தொன்பதாம் தேதிப் படத்தை ஓட்டினேன். “இந்தப் பச்சைச் சிலுவை அண்ணியோட கை” என்றேன். அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். வாலு அவன் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

சிலுவை ஊர்ந்தது. விலகியது, திரும்பியது.

“அம்மா இப்படித்தான் கோலிக்குண்டு உருட்டுவாங்க” என்றாள் வாலு.

ஆறாவது நிமிடம் நின்றது. வளையம் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. “என்ன ஆச்சு?” என்றான் அண்ணன். “அந்த நேரம் அண்ணி அங்க இல்ல அண்ணா. அவங்களுக்கே தெரியாது. கண்ணு தொறந்திருக்கும், ஆனா எதையும் பாக்கல. டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். ரோட்டுலயும் இதேதான் ஆயிருக்கணும். அவங்க யாரையும் விட்டுட்டுப் போக நிக்கல.”

சிலுவை தாவி வளையத்தைப் பிடித்தது. அண்ணன் அப்போதுதான் மூச்சு விட்டான்.

மார்க்கைப் பற்றி வாலு சொன்னாள். நான் திட்டியதை நான் சொன்னேன். அண்ணன் கடைசியில் சொன்னான். அன்றைக்குக் காலையில் அவள் ஏதோ கேட்டுக்கொண்டே பாதியில் நிறுத்திவிட்டு அவனையே பார்த்திருக்கிறாள். முறைப்பதாக நினைத்து, “இப்படியே பாத்துக்கிட்டு இரு” என்று கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறான். அதைச் சொல்லி முடிக்கவே வெகுநேரம் ஆனது. வாலு அவன் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு, “மறுபடி போடு” என்றான். போட்டேன். இரண்டாவது நிற்றல், மூன்றாவது. ஒவ்வொன்றிலும் விரலால் மேஜையைத் தட்டி விநாடி எண்ணினான். நான்காவதில் பதினாறு வரை எண்ணினான். சிலுவை தாவியது.

“வந்துட்டா” என்றான். “பாரு, ஒவ்வொரு தடவையும் வந்துட்டா.”

ஜூலை 7, திங்கள்

செருப்பு வாசலில் இல்லை என்று வாலு மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். அப்பா துடைத்து உள்ளே வைத்தாராம்.

ஜூலை 19, சனி

டாக்டர் சொன்னார் என்று வாலுவுக்கும் பரிசோதனை. தலை முழுக்க வயர். ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வரும் வழியில் இரண்டு ஐஸ்கிரீம் தின்றாள். என்னுடையதையும் பிடுங்கிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஒன்பது வளையங்களையும் மூன்று பேர் தனித்தனியாகப் பின்தொடர்ந்தோம். நானும் ஒருத்தி. உட்கார்ந்தேன், அரை மணி, அரை மணியாக. மூலக் கோப்பை முதலில் பார்த்தோம், அப்புறம்தான் மற்றது. ஒன்பதும் நாலைந்து ஆட்டத்தில் அடங்கிவிடுகின்றன. எல்லா வளையங்களையும் போலத்தான்.

திரும்பப் பெறும் அறிவிப்பின் இறுதிப் படி வந்தது. மூன்றாவது பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறியை நானே போட்டேன்.

நேற்று அண்ணன், வாலு, நான் மூன்று பேரும் லாரி டிரைவரைப் பார்க்கப் போனோம். அண்ணன்தான் முகவரி தேடிப் பிடித்தான். அந்த ஆள் வண்டி ஓட்டுவதையே விட்டுவிட்டு ஒரு கிடங்கில் மூட்டை எண்ணிக்கொண்டிருக்கிறார். எங்களைக் கண்டதும் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார். அடிக்க வந்திருக்கிறோம் என்று நினைத்திருப்பார்.

அண்ணன் எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னான். வியாதி, கண் திறந்தே இருப்பது, பத்தொன்பது விநாடி. அவர் பாதிக்கு மேல் கேட்டாரா என்றுகூடத் தெரியவில்லை. முடித்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“அப்ப அவங்க என்னைப் பாக்கலயா சார்?”

“இல்லண்ணே” என்றாள் வாலு. “அம்மா உங்களைப் பாக்கவே இல்ல.”

அவர் அப்படியே மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகில் கை வைத்திருந்தான்.